பேச்சியம்மாளைச் சபையில் சேர்த்த பாடு

உபதேசியார் வேலை என்பது வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, கையில் வேதப்புத்தகத்தோடு நிழலாகப் பார்த்து நடந்து போகிற வேலை என்று நினைப்பவர்கள், சிவகாசிப் பக்கம் ஒரு தீபாவளி சீசனுக்கு வந்து பார்க்க வேண்டும். போதகருக்கு ஏழெட்டு ஊர்ச் சபைகள். என்றைக்காவது ஒரு ஞாயிறுதான் நம் ஊருக்கு வருவார். ஜெபம் நடத்துவது, புதிதாக வருகிறவர்களை ஞானஸ்நானத்துக்குத் தயார் செய்வது எல்லாம் நம் தலையில்தான். இதே வேலையில் இருந்தவர்கள் இதைப் படித்துத் தலையாட்டுவீர்கள். மற்றவர்கள் கொஞ்சம் இரக்கப்படுங்கள்.

நாரணாபுரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னச் சபையில் நான் இருந்த காலம். ஊருக்குள் ஒன்றிரண்டு செல்போன் வந்திருந்தது. பேச்சியம்மாள் பட்டாசுக் கம்பெனியில் பூச்சட்டிக்கு வெடிமருந்து அடைக்கிறவள். வேலை இல்லாத ஞாயிறெல்லாம் கோயிலுக்கு வந்து, வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்காருவாள். அப்பமும் திராட்சை ரசமும் கொடுக்கிற திருவிருந்துக்குக் கூப்பிடும்போது எல்லாரும் எழுந்து முன்னால் போவார்கள். சபையில் சேராதவர்களுக்கு அது கிடையாது என்பதால் இவள் மட்டும் அங்கேயே இருப்பாள். அந்தப் பந்தியில் தனக்கும் ஓர் இடம் வேண்டும் என்பதுதான் அவள் என்னிடம் கேட்டது. லாரிக்கு லோடு ஏற்றும் அவள் புருசன், அவள் இஷ்டம் என்று விட்டுவிட்டார்.

ராணி பெயர்

ஞானஸ்நானத்துக்குப் புதுப் பெயர் வைப்பது எங்கள் சபை வழக்கம். நீயே ஒன்றை யோசித்து வா என்று சொல்லி அனுப்பினேன். மறுவாரம் முகமெல்லாம் சிரிப்பாக வந்து, "யேசபேல்" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வேதாகமத்தில் அத்தனை பேர் இருக்க, தீர்க்கதரிசிகளைக் கொன்று, கடைசியில் நாய்களுக்கு இரையான ராணியின் பெயரா வேண்டும்? போன மாதம் போதகர் அந்தப் பெயரைச் சொல்லிப் பிரசங்கம் செய்தாராம். ராணி என்பது மட்டும் இவள் காதில் நின்றிருக்கிறது.

அந்தக் கதையை முழுதும் சொல்லி, வேறு நல்ல ராணி ஒருத்தி இருக்கிறாள், எஸ்தர் என்று வைத்துக்கொள்ளலாம் என்றேன்.

"நல்ல பொம்பளைக பேரையெல்லாம் ஒங்க வீட்டுப் பிள்ளைகளுக்கு வச்சிட்டீக. எனக்கு மிஞ்சுனது இதுதான்னு நெனச்சேன்யா."

நாலாம் கற்பனை

சபையில் சேருகிறவர்களைக் கமிட்டியார் முன்னால் நிறுத்திக் கேள்வி கேட்பார்கள். கேட்பவர் சாமுவேல் அண்ணாச்சி. கோயிலில் கமிட்டி மூப்பர், வார நாட்களில் பட்டாசுக் கம்பெனி போர்மேன். விசுவாசப் பிரமாணத்தைப் பேச்சியம்மாள் ஒரு இடறல் இல்லாமல் சொன்னாள். பத்துக் கற்பனைகள் என்கிற பத்துக் கட்டளைகளையும் சொன்னாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அண்ணாச்சி விடவில்லை. ஓய்வு நாளில் வேலை செய்யக் கூடாது என்கிற நாலாம் கற்பனையை வாயால் சொன்னால் போதுமா, சீசனில் எத்தனையோ ஞாயிறு நீ கோயிலுக்கே வருவதில்லையே, எங்கே போகிறாய் என்று அதட்டினார். அவள் குழம்பிப்போய் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். எனக்கு விஷயம் புரிந்து, கண்ணைக் காட்டித் தடுப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

"ஒங்க கம்பெனி செட்டுக்குத்தான் அண்ணாச்சி. லோடு போகணும், வந்துருன்னு நீங்கதான ஆள் விடுதீக."

ஜரிகைச் சேலை

ஞானஸ்நான நாளும் சீசனுக்குள்தான் வந்தது. ஆராதனை தொடங்கியும் பேச்சியம்மாளைக் காணோம். கடைசி நேரத்தில் மூச்சிரைக்க ஓடிவந்து முன்னால் நின்றாள். சேலை அங்கங்கே மினுமினுத்தது. விசேஷத்துக்கு ஜரிகைச் சேலை கட்டி வந்திருக்கிறாள் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

போதகர் தலையில் தண்ணீர் ஊற்றி எஸ்தர் என்று பெயர் சொன்னார். அடுத்து, ஒளியின் பிள்ளையாக நடக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரிகிற மெழுகுவத்தி ஒன்றைக் கையில் கொடுக்க வேண்டும். பீடத்தில் பற்றவைத்து நான்தான் கொண்டுபோனேன். அவள் ஒரு எட்டுப் பின்வாங்கினாள். கூச்சம் என்று நினைத்து இன்னும் கிட்டே போனேன். சேலையை ஒரு கையால் பின்னால் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, கழுத்தை மட்டும் நீட்டி, பூவென்று ஊதி அணைத்துவிட்டாள்.

திரி இன்னும் சிவப்பாகக் கனன்றுகொண்டிருந்தது. முன்வரிசையிலிருந்து சாமுவேல் அண்ணாச்சி ஒரே தாவாகத் தாவி, ஞானஸ்நானப் பாத்திரத்தை அப்படியே தூக்கி எங்கள்மேல் கவிழ்த்தார். மெழுகுவத்தி, நான், அவள் எல்லாரும் நனைந்தோம். அப்போதுதான் பேச்சியம்மாள் வாய் திறந்தாள்.

"சேல பூரா மருந்துய்யா. முன்னால இம்புட்டுப் பிள்ளைக ஒக்காந்திருக்கு."

பக்கத்து அறை

ஜரிகை என்று நான் நினைத்தது பூச்சட்டி மருந்தில் கலக்கிற அலுமினியப் பவுடர். ஆராதனையை நிறுத்தக் கூடாதே என்று பாடகர் குழுவைப் பாட வைத்துவிட்டு, போதகரும் கமிட்டியும் பக்கத்து அறைக்குள் போனோம். அடுத்து திருவிருந்து. அதற்குள் அவள் உள்ளே இருக்கிறவளா, வெளியே இருக்கிறவளா என்று முடிவு செய்தாக வேண்டும். கமிட்டிச் செயலாளர் ஒரே பிடியாக நின்றார். காரணம் எதுவானாலும் கர்த்தருடைய சந்நிதியில் ஒளியை அணைத்தவள், இது நல்ல அடையாளம் இல்லை, ஈஸ்டருக்குத் தள்ளி வைப்போம் என்றார்.

அண்ணாச்சி குறுக்கே வந்தார். காலையில் ஒரு அவசர ஆர்டருக்காக அவளை வேலைக்குக் கூப்பிட்டது தான்தான் என்றார். குளித்துச் சேலை மாற்ற நேரம் கேட்டாளாம், இவர்தான் கடைசிவரை விடவில்லையாம். அவளைத் தள்ளி வைத்தால் தன்னையும் தள்ளி வையுங்கள் என்றார். போதகர் செயலாளரைப் பார்த்தார், செயலாளர் தரையைப் பார்த்தார். அப்போதுதான் கதவருகே தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டப் பேச்சியம்மாள் நிற்பதைக் கவனித்தோம்.

"போதகரய்யா ஒருக்கா ஊத்துனாக, அண்ணாச்சி ஒருக்கா ஊத்துனாக. இன்னுமாய்யா நான் செருப்புக்கிட்டயே ஒக்காரணும்?"

அன்றைக்குப் பந்தியில் முதல் ஆளாக அவளை நிறுத்தினோம். அதற்குப் பிறகு யாரைச் சபையில் சேர்த்தாலும் நான் முதலில் கேட்பது விசுவாசப் பிரமாணத்தை அல்ல, குளித்துவிட்டு வந்தீர்களா என்பதைத்தான்.