அத்தானின் ஆமென்

மூடி வைத்த ஒரு லேப்டாப்பைச் சுற்றிச் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. கட்டியவள் அக்கா. கடை திறக்க ரிப்பன் வெட்டலாம், பாலம் திறக்க வெட்டலாம், இணையத்தில் மட்டும் இருக்கும் ஒன்றைத் திறக்க எதை வெட்டுவது என்று யோசித்து, கடைசியில் அத்தானின் லேப்டாப்பையே பரிசுப் பொட்டலம் மாதிரி கட்டி மேசையில் வைத்துவிட்டாள். கேரள எல்லையோரம் உதியன்குளங்கரையில் அவர்கள் வீட்டு மாடி அறை அது. ஜெபம் முடிந்து போதகர் கத்தரிக்கோலை எடுத்தார். முடிச்சு இறுகிப்போய் வெட்டவே வரவில்லை. அக்கா அடுக்களைக்கு ஓடி மீன் வெட்டும் கத்தியைக் கொண்டுவந்தாள். எல்லாரும் சிரித்தார்கள். அன்று எடுத்த புகைப்படத்தில் நானும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன். உண்மையில் அந்த நேரத்தில் எனக்கு ஓவென்று அழ வேண்டும் போல இருந்தது.

அத்தான் நடத்தியது, மென்பொருள் எழுதுகிறவர்களுக்கான வேலை அறிவிப்புத் தளம். திருவனந்தபுரம், கொச்சி, நாகர்கோவில், பெங்களூரு என்று எங்கெங்கோ இருக்கும் நிறுவனங்கள் தங்களுக்கு ஆள் வேண்டும் என்று அதில் போடும். வேலை தேடுகிறவர்கள் பார்த்து விண்ணப்பிப்பார்கள். முதல் தடவை அது ஓடியபோது, ஆள் எடுத்து முடிந்த வேலைகளைக்கூட யாரும் நீக்காமல் விட்டதால், அவை மாதக்கணக்கில் போட்டபடியே கிடந்தன. விண்ணப்பித்துச் சலித்துப்போன ஒருவர் அம்பூரியிலிருந்து பேருந்து ஏறி நேரே வீட்டுக்கு வந்தார். "இது சைட்டா, கல்லறைத் தோட்டமா? உள்ள கிடக்கது எல்லாம் செத்த வேலையாக்கும்" என்று முற்றத்தில் நின்று கேட்டுவிட்டு, கொடுத்த தேநீரையும் குடிக்காமல் போனார். அத்தானுக்கு அது சுருக்கென்று தைத்துவிட்டது. அந்த வாரமே தளத்தை மூடினார்.

மறுபடி திறப்பது என்று முடிவானபோது அவர் வைத்த சட்டம் ஒன்றே ஒன்று. "ஆளு கிட்டின வேலை சைட்ல கிடக்கப்பிடாது மக்கா. அது மனுசன ஏமாத்துற காரியமாக்கும்." அதற்காக நான் ஒரு ஏற்பாடு எழுதினேன். வேலை போட்டவருக்கு மாதம் ஒருமுறை தானாகவே ஒரு மின்னஞ்சல் போகும்: இந்த வேலைக்கு இன்னும் ஆள் வேண்டுமா? 'ஆம்' என்று அழுத்தினால் அறிவிப்பு நிற்கும். பதிலே இல்லாவிட்டால் தானாக மறைந்துவிடும். அத்தானுக்கு அதில் அப்படியொரு பெருமை. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், கேட்கிறார்களோ இல்லையோ, விளக்கிச் சொல்வார்.

நான் வேலை பார்த்த கம்பெனியை இழுத்து மூடியதால் திருவனந்தபுரத்திலிருந்து பெட்டியோடு திரும்பி வந்திருந்த நேரம் அது. "வெளிய ஆளு எதுக்கு, நம்ம பிள்ளை உண்டுல்லா" என்றார் அத்தான். கொஞ்ச நாளைக்குத்தான் என்று நினைத்து மாடி ஏறினேன். அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை. வெளியில் வேலை பார்த்தால் பிடிக்காதபோது ராஜினாமா எழுதிக் கொடுக்கலாம். இங்கே யாரிடம் கொடுப்பது? காலையில் முதலாளியாக இருக்கிறவர் மத்தியானம் என் தட்டில் மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் வைத்து, "தின்னு, ஒணங்கிப் போற" என்பார். திட்டினால் கோபித்துக்கொண்டு போகலாம். அவர் திட்டுவதே இல்லை. அடுத்த வீட்டில் காயப்போட்ட ரப்பர் ஷீட்டின் நாற்றம் ஜன்னல் வழியே வந்துகொண்டிருக்கும். கீழே களியக்காவிளைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் பேருந்துகள் போகும். நாள் முழுக்க ஊரார் போகப் போகிற வேலைகளைத் திருத்தி, வகை பிரித்து, ஏற்றிக்கொண்டிருப்பேன். எல்லாருக்கும் கதவைத் திறந்துவிட்டு நான் உள்ளேயே நிற்பது போல எரிச்சலாக இருக்கும்.

புதிய தளத்துக்கென்று முதலில் வந்த அறிவிப்புகளில் கொச்சியிலிருந்து ஒன்று இருந்தது. வாசிக்க வாசிக்க அது என்னைப் பார்த்து எழுதியது மாதிரியே இருந்தது. திறப்புக்கு முன்னாலேயே அந்த நிறுவனத்துக்கு நேராக எழுதிப் போட்டேன், அவர்கள் காணொளியில் பேசினார்கள், வேலையும் கிடைத்துவிட்டது. மாதக் கடைசிக்குள் வந்து சேர வேண்டும். அத்தானிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அக்காவிடம் சொன்னேன். மறுநாள் துணி காயப்போடும்போது அக்கா குரலைத் தாழ்த்தி, "நான் சொன்னேன் கேட்டியா. அவரு ஒண்ணும் மிண்டல்ல" என்றாள். அவர் பேசாமல் இருந்தது எனக்குப் பயமாக இருந்தது.

எங்கள் குடும்பத்தில் ஒரு பழக்கம் உண்டு. சண்டை மலையாளத்தில், ஜெபம் தமிழில். முகத்துக்கு நேரே சொல்ல முடியாததை எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு ஆண்டவரிடம் சொல்வோம். பக்கத்தில் இருக்கிறவர் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். மருமகள் மேல் வருத்தம் என்றால் மாமியார் சமாதானத்துக்காக ஜெபிப்பார். மருமகளும் 'ஆமென்' சொல்வாள். ஜெபத்துக்கு நடுவில் யாரும் மறுத்துப் பேசுவதில்லை. முடிந்த பிறகு அதைப் பற்றிப் பேசுவதும் இல்லை. திறப்பு நாளன்று போதகர் முடித்த கையோடு அத்தான் ஜெபிக்க ஆரம்பித்தார். மின்சாரத்துக்கு, இணைய இணைப்புக்கு, வந்தவர்களுக்கு எல்லாம் நன்றி சொன்னார். பிறகு, அதே குரலில், "எங்க பிள்ளை எங்கயும் போகாம எங்ககூடவே நின்னு இந்த வேலைய நடத்தணும்னு தீர்மானம் எடுத்திருக்கே, அதுக்காக உமக்கு ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்றார். எல்லாரும் ஆமென் என்றார்கள். பிறந்ததிலிருந்து பழகிய வாய், நானும் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. கண்ணைத் திறந்தால் போதகர் கையில் கத்தரிக்கோல்.

அதற்குப் பிறகு வந்த நாட்களிலும் மாடி ஏறினேன். கொச்சியிலிருந்து என்றைக்கு வருகிறீர்கள் என்று கேட்டு மின்னஞ்சல் வந்தது. பதில் எழுதுவேன், அழிப்பேன். அத்தான் வழக்கம்போல நடந்துகொண்டார். எனக்கென்று புது நாற்காலி வாங்கி வந்து, சாய்ந்து பார்க்கச் சொன்னார். சாய்ந்தேன். நன்றாகத்தான் இருந்தது, அதுதான் இன்னும் வேதனை.

அந்த மாதக் கடைசியில் குடும்ப ஜெபம் அக்கா வீட்டில். சுற்றி உட்கார்ந்து ஒவ்வொருவராக ஜெபித்துக்கொண்டு வந்தார்கள். என் முறை வந்தால் வழக்கமாக இரண்டு வரியில் முடித்துவிடுவேன். அன்றைக்குக் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். "ஆண்டவரே, கொச்சியில எனக்கு ஒரு வேலை தந்திருக்கீரு. அதுக்காக ஸ்தோத்திரம். என்னைய அனுப்பி வைக்கதுக்கு அத்தானுக்கு நல்ல மனசக் குடும்" என்று சொல்லி முடித்தேன். அக்கா முதலில் ஆமென் என்றாள். பிறகு மற்றவர்கள். நான் கண்ணைத் திறக்கவில்லை. எல்லாரும் அடங்கிய பிறகு, தொண்டையைச் செருமிக்கொண்டு, அத்தானின் ஆமென் வந்தது.

மறுநாள் காலையில் செருப்பை மாட்டியபடி அவர் சொன்னார்: "உனக்க ஜெபத்துக்கு நான் ஆமென் சொல்லியாச்சு. இனி நீ போவாம இருக்கப்பிடாது." அவரே ஸ்கூட்டரில் என்னை நெய்யாற்றின்கரை ரயில் நிலையத்துக்குக் கொண்டுவிட்டார். ரயில் நகரும்போது, "அந்த நாற்காலி அங்கதான் கிடக்கும்" என்றார்.

இப்போது தளம் நன்றாக ஓடுகிறது. வெள்ளறடையிலிருந்து ஒரு பெண் வந்து என் வேலையை எல்லாம் பார்த்துக்கொள்கிறாள், என்னைவிடச் சுறுசுறுப்பு என்று அக்கா சொல்கிறாள். நான் கொச்சியில் இருக்கிறேன். யாரும் என்னைப் பிடித்துவைக்கவில்லை. ஆனாலும் அவ்வப்போது அந்தத் தளத்தைத் திறந்து, கடைசிப் பக்கம் வரை போய்ப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை. அங்கே ஒரு வேலை இருக்கிறது. இடம், உதியன்குளங்கரை. 'குடும்பத்தோடு சேர்ந்து வேலை பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும்' என்று அத்தானே எழுதியிருக்கிறார். பக்கத்தில் அந்தப் புகைப்படம், ரிப்பன் கட்டிய லேப்டாப், அசட்டுச் சிரிப்போடு நான். நான் ரயிலேறிய வாரம் போட்டது அது. ஆள் கிடைத்த வேலை, அத்தானின் சட்டப்படி என்றைக்கோ மறைந்திருக்க வேண்டும். இன்னும் மறையவில்லை. நான் எழுதி வைத்த மின்னஞ்சல் மாதந்தோறும் அவரிடம் போய்க் கேட்கிறது, இந்த வேலைக்கு இன்னும் ஆள் வேண்டுமா என்று. மாதந்தோறும் அவர் 'ஆம்' என்று அழுத்துகிறார்.