ஜெயபாண்டியின் இடப்பக்கம்

ஜெயபாண்டி முப்பத்தொரு வருஷம் அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். சொந்த ஊர் எழுமலை, குடியிருப்பது மதுரை வில்லாபுரம். ஊர்ப்பக்கம் ஒரு செங்கல் சூளையில், கோழிகள் முட்டையிட்டுக் கிடந்த 1966ஆம் வருஷத்து ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காரை வாங்கி வந்து, ஆறு வருஷம் மெனக்கெட்டு ஓடவைத்தார். மதுரையில் பழைய கார் வைத்திருப்பவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் நடத்துகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் காளவாசலில் கூடி, ஒரு சுற்றுப் போய்வருவார்கள். டாக்டர்களும் மில் முதலாளிகளுமாக இருந்த அந்தக் கூட்டத்தில் பஸ் டிரைவர் அவர் ஒருவர்தான். ஆனால் யாருடைய வண்டி வழியில் நின்றாலும் முதலில் அவரைத்தான் தேடுவார்கள்.

போன வருஷம் சங்கத்தார் இலங்கைக்குப் போவதென்று முடிவு செய்தார்கள். ஏழு கார்கள் தூத்துக்குடியிலிருந்து கப்பலில். ஆட்கள் விமானத்தில். பத்து நாள் பயணம், பாதிக்கு மேல் மலைப்பாதை.

கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்புதான் கண் டாக்டர் அவரிடம் அதைச் சொல்லியிருந்தார். கண்ணுக்குள் அழுத்தம் கூடி ஓரப்பார்வை போய்க்கொண்டிருக்கிறது. இடப்பக்கம் பெரும்பாலும் போய்விட்டது. போனது திரும்பாது. இனி வண்டி ஓட்டக் கூடாது. அன்று கூட இருந்தது மனைவி பாண்டீஸ்வரி மட்டும்.

"யார்ட்டயும் சொல்லாத," என்றார் வெளியே வந்ததும். "இந்த ஒரு பயணம். அப்புறம் சாவியத் தொடமாட்டேன்."

பாண்டீஸ்வரி மூன்று நாள் அவரோடு பேசவில்லை. நாலாம் நாள் காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "நானும் வாரேன். எடப்பக்கம் உக்காந்து பாத்துப் பாத்துச் சொல்றேன்," என்றார்.

அப்படித்தான் கொழும்பிலிருந்து கண்டிக்கும், அங்கிருந்து நுவரெலியாவுக்கும் போனார்கள். "சைக்கிள் வருது. கல்லு கெடக்கு. பிள்ளைக நிக்கிதுக." பாண்டீஸ்வரி ஓயாமல் சொல்லிக்கொண்டே வந்தார். ஜெயபாண்டியின் நெருங்கிய சிநேகிதர் துளசிராம், ஜவுளிக்கடைக்காரர், தன் பியட் காரில் பின்னால் வந்தார். வண்டிகள் நிற்கும் இடத்தில், "டிரைவருக்கே தங்கச்சி டிரைவிங் சொல்லித் தருது," என்று கேலி செய்தார். ஜெயபாண்டியும் சேர்ந்து சிரித்தார்.

ஐந்தாம் நாள் காலையில் பாண்டீஸ்வரிக்கு எழுந்து நிற்க முடியவில்லை. வளைவுகளில் சுற்றிச் சுற்றி, ஒரே வாந்தி. சாமான் ஏற்றிவரும் வேனில் அவரைப் படுக்கவைத்தார்கள். ஜெயபாண்டியின் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னைக்கு ஓட்டாதீங்க. துளசி அண்ணன்ட்ட சொல்லிருங்க," என்றார்.

"என்னன்னு சொல்ல?"

"உள்ளதச் சொல்லுங்க."

சரி என்று தலையாட்டினார். சொல்லவில்லை.

அப்புத்தளைப் பாதை. ஒருபக்கம் பாறை, ஒருபக்கம் தேயிலைச் சரிவு. வெயில் நன்றாக அடித்தது. என்ஜின் ஒரு முக்கலும் இல்லாமல் ஏறியது. ஒன்றரை மணி நேரம் அவருக்கு நோயும் டாக்டரும் மறந்தே போயின. ஒரு வளைவு திரும்பும்போது இடப்பக்கம் சத்தம் கேட்டது.

இறங்கி ஓடினார். கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி ரோட்டில் உட்கார்ந்திருந்தாள். முழங்கையில் ரத்தம். மூட்டை அவிழ்ந்து இலையெல்லாம் சிதறிக் கிடந்தது. அவளை ஒட்டி, வெள்ளைச் சீருடையில் ஐந்து வயதுப் பெண்பிள்ளை. காரின் பக்கக் கண்ணாடி தாயின் கையை அடித்திருந்தது. இன்னும் ஒரு சாண் தள்ளியிருந்தால் பிள்ளை. இருவரில் ஒருவரையும் அவர் பார்க்கவில்லை.

"ஒண்ணுமில்லங்க ஐயா, காயந்தான்," என்றாள் அந்தப் பெண். அவர் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து கைகூப்பினார்.

துளசிராம் பின்னாலிருந்து எல்லாம் பார்த்திருந்தார். "ஓரமா நல்லாத் தெரியிற மாதிரித்தான நின்னாங்க மாப்ள. நீ ஒதுங்கவே இல்லயே. என்ன ஆச்சு ஒனக்கு?"

"தெரியல மாப்ள."

"என்ன தெரியல?"

"அந்தப் பக்கமே தெரியல."

துளசிராம் கையை நீட்டினார். ஜெயபாண்டி சாவியைக் கொடுத்தார்.

தோட்டத்து மருந்தகத்தில் அந்தப் பெண்ணுக்கு நாலு தையல் போட்டார்கள். அதுவரை, பின்னால் வேனில் வந்துசேர்ந்த பாண்டீஸ்வரி அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "எந் தப்புத்தான்ம்மா, நான் வேன்ல ஏறிருக்கக் கூடாது," என்று அழுதுகொண்டிருந்தார். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. அழாதீங்கம்மா என்று அவள்தான் தேற்றினாள்.

மீதி நாட்கள் பியட்டைத் துளசிராமின் மனைவி ராதாமணி ஓட்டினார். ஹெரால்டைத் துளசிராம் ஓட்ட, ஜெயபாண்டி இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்து வந்தார். இருவரும் பேசிக்கொள்ளவில்லை. கடைசி நாள் மாத்தறைக் கடற்கரையில் துளசிராம்தான் வாயைத் திறந்தார்.

"என்ட்டக் கூடச் சொல்லலயே நீ."

"சொல்லிருந்தா ஓட்டவிட்டுருப்பியா?"

"விட்டுருக்க மாட்டேன்."

"அதான்."

துளசிராம் அழுதார். ஜெயபாண்டிக்கு அழுகை வரவில்லை. அந்தப் பிள்ளை நின்றிருந்த இடமே கண்ணுக்குள் இருந்தது.

ஊர் திரும்பிய மூன்றாம் மாதம், கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் காரை வாங்க வந்தார். குளிர்காலையில் எப்படிக் கிளப்ப வேண்டும், இரண்டாம் கியர் எங்கே முரண்டுபிடிக்கும் என்று ஜெயபாண்டி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். கார் கிளம்பித் தெருவில் இடப்பக்கமாகப் போயிற்று. அவர் கேட் அருகே நேரே பார்த்தபடி நின்றார். தலையைத் திருப்பியிருந்தால் தெரிந்திருக்கும். திருப்பவில்லை.

"போயிருச்சா?" என்று கேட்டார்.

"தெருமுக்குத் திரும்பிருச்சுங்க," என்றார் பாண்டீஸ்வரி.