மாப்பிள்ளை கிட்டாருக்கு நான் மாட்டிய பிக்கப்

நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் சிரித்துவிட்டுப் போங்கள். எனக்கு நடந்தது நடந்ததுதான். பதினெட்டு வருடமாக ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர், கிட்டார் என்று சத்தம் போடும் சாமான்களை ரிப்பேர் செய்கிறவன் நான். பேய் என்றாலே லூஸ் கனெக்‌ஷன் என்று கிண்டல் செய்துகொண்டு திரிந்தவன். போன வருடம் ஒரு வியாழக்கிழமை சாயங்காலத்துக்குப் பிறகு அந்த வாய் அடங்கிவிட்டது.

என் தங்கை கணவர் மேடைக் கச்சேரிக் குழுவில் கிட்டார் வாசிக்கிறவர். வைத்திருந்ததோ இருப்பதிலேயே மலிவான ரகம். அதன் சத்தம் காதுக்குள் கொசு புகுந்த மாதிரி இருக்கும். அன்று காலை அதைக் கொண்டுவந்து என் கடை மேஜையில் வைத்தார். கூடவே ஒரு அட்டைப்பெட்டி. உள்ளே கம்பியின் அதிர்வைப் பிடித்து ஆம்ப்புக்கு அனுப்பும் பிக்கப் ஒன்று, ஒரு பிரிட்ஜ், கம்பியை முறுக்கும் டியூனிங் கீ ஆறு. எல்லாம் பழசு, ஆனால் உயர்ந்த சாமான்.

"யாரோ பார்சல்ல அனுப்பியிருக்காங்க மச்சான். பேரு கூடப் போடல. மாட்டிக் குடுங்க, நாளைக்குக் கச்சேரி."

"யாருன்னே தெரியாம எப்படி மாப்ளே?"

"ஓசில வந்ததுக்கு ஆராய்ச்சி வேறயா? ஆறு மணிக்கு வந்து எடுத்துக்கறேன்."

கம்பிகள் உட்காரும் இரும்புக் கட்டைதான் பிரிட்ஜ். அதற்கு ஒரு எர்த் வயர் போக வேண்டும். பற்றவைத்தேன். ஈயம் ஒட்டவில்லை. இன்னொரு முறை. ஒட்டவில்லை. பிரிட்ஜைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. இவ்வளவு நேரம் சூடு காட்டிய இரும்பு எப்படிச் சில்லென்று இருக்கும்? மூன்றாவது முறை தானாகவே ஒட்டிக்கொண்டது. வேலை முடிந்தால் சரி என்று விட்டுவிட்டேன்.

மணி 5:32. கரண்ட் போனது. மாப்பிள்ளை வருவதற்குள் சோதித்துவிடலாம் என்று பேட்டரியில் ஓடும் குட்டி ஆம்ப்பை எடுத்தேன். ஒன்பது வோல்ட். எறும்புக்குக்கூட ஷாக் அடிக்காது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பழைய பிக்கப் என்றால் அதன் மேல் வாயை வைத்துப் பேசிப் பார்ப்போம். உள்ளே மெழுகு சரியாக இருந்தால் சத்தம் வராது. மெழுகு விட்டுப்போயிருந்தால் மைக் மாதிரி நம் குரல் ஸ்பீக்கரில் கேட்கும்.

மணி 5:41. குனிந்து பேசினேன்.

"ஹலோ."

ஸ்பீக்கரில் என் குரல். மெழுகு போய்விட்டது என்று நினைத்தேன்.

நான்கு விநாடி கழித்து...

"ஹலோ."

அது என் குரல் இல்லை.

ஏதாவது வயர்லெஸ் சத்தம் கலந்திருக்கும். அப்படி நடப்பதுண்டு. "யாருப்பா அது?" என்றேன்.

"இது யாருக்கு?"

அங்கேதான் நான் கெட்டேன். வாய் சும்மா இருக்கவில்லை.

"எங்க மாப்பிள்ளைக்கு. ஆறு மணிக்கு வருவாரு. வேணும்னா இருந்து பாத்துட்டுப் போ."

ஸ்ஸ்ஸ்... நீளமாக ஒரு மூச்சு.

"இருக்கேன்."

பிறகு, மெதுவாக...

"அன்னைக்கு எர்த்த வெட்டினவன்தானே?"

வயரைப் பிடுங்கினேன். ஆம்ப்பை அணைத்தேன். மூச்சு நிற்கவில்லை. இப்போது அது கிட்டாரிலிருந்தே வந்தது.

க்ரீக்...

டியூனிங் கீ தானாகத் திரும்பியது. கம்பி இறுகியது.

க்ரீக்... அடுத்த கீ.

மாப்பிள்ளைக்கு போன் போட்டேன். 5:52. எடுக்கவில்லை. 5:53. எடுக்கவில்லை. வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார். என் தங்கை முகம் கண் முன்னால் வந்தது. அந்தக் குரலை நானே இருந்து பார் என்று உட்காரவைத்துவிட்டேனே!

வெளியே ஓடினேன். ஷட்டரை இழுத்துப் பூட்டினேன். வந்தால் வாசலிலேயே மறித்துவிடலாம்.

5:57.

5:59.

தெருவில் அவர் வரவில்லை.

சரியாக ஆறு மணி. எனக்குப் பின்னால், பூட்டிய ஷட்டருக்கு உள்ளேயிருந்து...

"மச்சான்! எங்க போனீங்க? சூப்பரா இருக்கே!"

பின்கதவு.

பின்கதவை நான் பூட்டவில்லை.

"தொடாதீங்க!"

டங்...

ஒரே ஒரு கம்பி.

பிறகு அவர் அலறல்.

"நான்தான்... நான்தான் வெட்டினேன்... விட்ருடா!"

பூட்டைத் திறந்து ஷட்டரைத் தூக்கினேன். தரையில் கிடந்தார். வலது கை கரிந்திருந்தது. இடது உள்ளங்கையில் ஆறு கறுப்புக் கோடுகள். கிட்டாரில் வயர் செருகவில்லை. ஆம்ப் அணைந்திருந்தது. தெருவுக்கே கரண்ட் இல்லை. வந்தது 6:20க்கு.

உயிர் பிழைத்துவிட்டார். ஆனால் இரண்டு கை விரல்களும் இனி மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியில் மாப்பிள்ளை என்னிடம் மட்டும் சொன்னார். மூன்று வருடத்துக்கு முன் குழுவின் முதல் கிட்டார்காரர் மேடையிலேயே ஷாக் அடித்து இறந்தார். ஆம்ப்பின் எர்த் வயரை வெட்டிவிட்டவர் இவர்.

"சின்னதா ஷாக் அடிச்சு அசிங்கப்படட்டும்னுதான் மச்சான் நெனச்சேன்..."

இறந்தவருடைய இடம்தான் குழுவில் இவருக்குக் கிடைத்திருக்கிறது. எனக்கு அவர் மேல் இரக்கமே வரவில்லை. தங்கை அழும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

அந்தப் பாகங்கள் இறந்தவருடையவையாகத்தான் இருக்கும் என்று கழற்றி, அவர் மனைவியிடம் கொண்டுபோனேன். அவர் பிரிட்ஜைத் திருப்பிப் பார்த்தார். அடியில் ஊசியால் கீறிய இரண்டு எழுத்து.

"இது நான் கீறினது. உங்ககிட்ட எப்படி வந்துச்சு?"

"யாரோ பார்சல்ல அனுப்பியிருக்காங்கம்மா. வீட்டுல இருந்த கிட்டார யாராவது பிரிச்சு..."

"வீட்டுலயா?" என்று என்னையே பார்த்தார். "அவரு கையிலேருந்து அந்தக் கிட்டார எடுக்கவே முடியலைங்க. விரல ஒடச்சாத்தான் வரும்னாங்க. நான் வேணாம்னுட்டேன். அதோடவேதான் அவரப் பொதச்சோம்."