வெள்ளிக்கிழமை போட்ட கணக்கு

ஆம்பூரில் வயர்லெஸ் இன்டர்நெட் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு சின்னக் கம்பெனியில் நான் வேலை பார்த்த காலத்தில், எனக்கு ‘முப்பத்தாறு’ என்று ஒரு பட்டப்பெயர் இருந்தது. என் வயதுக்காக வைத்ததில்லை. அலையை அனுப்பும் ரேடியோ கருவியிலிருந்து கிளம்பும் சக்தியும் ஆன்டெனா கூட்டிக் கொடுப்பதும் சேர்ந்து, நடுவில் கேபிள் தின்றது போக, முப்பத்தாறு டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது அரசாங்க விதி. லைசென்ஸ் இல்லாமல் எல்லோரும் புழங்குகிற அலைவரிசை அது. ஒருவர் கத்தினால் அடுத்தவர் பேச முடியாது. பெரிய ஆன்டெனா மாட்டினால் ரேடியோவை அடக்கி வைக்க வேண்டும். மறந்தவர்களிடம் நான் எரிந்து விழுவேன், பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

தோல் பதனிடும் டேனரி ஒன்றுக்குப் பின்தெருவில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் இணைப்பு கேட்டார். மனைவி நர்ஸ். பெண் குழந்தைக்கு எட்டு மாதமானபோது வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர், வாராவாரம் ஞாயிறு மட்டும்தான் அவருக்கு ஓய்வு. அன்று சர்ச் முடிந்து வந்ததும் குழந்தைக்கு அம்மாவின் முகத்தைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான் ஆசிரியருக்கு வேண்டியது.

ஒரு வெள்ளிக்கிழமை போய் மாட்டினேன். எங்கள் பக்கம் டேனரிகளுக்கு வெள்ளிதான் லீவு. லாரி கிடையாது, தோலை உருட்டும் டிரம் ஓடுகிற சத்தம் கிடையாது, மாடியில் நிம்மதியாக நிற்கலாம். அதனால் புது இணைப்பு எல்லாவற்றையும் நான் வெள்ளியில்தான் வைத்துக்கொள்வேன். ஆன்டெனா இருபத்துநாலு, கேபிளில் போவது ஒன்று, ரேடியோவில் பதின்மூன்று வைத்தேன். கச்சிதமாக முப்பத்தாறு. சிக்னல் கண்ணாடி மாதிரி இருந்தது.

ஞாயிறன்று அம்மாவின் முகம் சதுரம் சதுரமாக உடைந்து நின்றுவிட்டதாம். குழந்தை கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அப்பாவின் செருப்பை எடுத்து விளையாடப் போய்விட்டது.

புகார் வந்தது. புத்திசாலியான நான் அடுத்த வெள்ளிக்கிழமைதான் போய்ப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. “லைன்ல ஒரு கோளாறும் இல்ல சார். உங்க கம்ப்யூட்டர்தான்” என்று விறைப்பாகச் சொன்னேன். பாவம், மனிதர் அதை நம்பி கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு கடைக்கு அலைந்தார்.

மூன்றாவது வாரம் ஆபீசுக்கே வந்தார். சண்டை போடுவார் என்று நானும் தயாராக இருந்தேன். அவர் மெதுவாகச் சொன்னார்: “பவர் கம்மியா வெச்சிருக்கீங்கன்னு கம்ப்யூட்டர் கடைல சொல்றாங்க மேடம். கொஞ்சம் ஜாஸ்தி பண்ண முடியாதா? டிசம்பர்ல அவ வர்றா. பாப்பா யாரோன்னு நெனச்சு அழுதுட்டா, அவ தாங்க மாட்டா மேடம்.”

எனக்கு என்னவோ போலாகிவிட்டது. மாட்டேன் என்று வாயால் சொல்லி அனுப்பிவிட்டு, கையால் செய்தேன். ரேடியோவின் செட்டிங்கில் நாடு என்று ஓர் இடம் உண்டு. அதில் இந்தியாவை எடுத்துவிட்டு வேறொரு நாட்டைப் போட்டால் சக்திக்குப் போட்ட பூட்டு திறந்துகொள்ளும். பதின்மூன்றை இருபத்துமூன்று ஆக்கினேன். அந்த ஞாயிறு படம் பத்து நிமிடம் தள்ளாடித் தள்ளாடி வந்தது.

திங்கள் காலை பக்கத்துத் தெரு பிரவுசிங் சென்டர்காரர் போன் செய்தார். “இன்னா மேடம், நேத்து மத்தியானம் பூரா நெட்டு செத்துப்போச்சு. கஸ்டமர்லாம் எழுந்து போய்ட்டாங்க. ஒரே பேஜாராப் போச்சு.” யார் கத்தியதால் அவர் வாய் அடைத்தது என்று எனக்குத் தெரியாதா? இந்தியாவையும் பதின்மூன்றையும் பழையபடி வைத்துவிட்டு, ஆசிரியரிடம் நேரில் ஒப்புக்கொள்ளக் கிளம்பினேன். வெட்கமாக இருந்தது.

அவரோடு மாடி ஏறினேன். வேலைநாளில் அந்த மாடிக்கு நான் ஏறியது அதுதான் முதல் தடவை. எதிரே டேனரியின் மேல்தளம், பக்கச் சுவர் இல்லாதது. என் வெள்ளிக்கிழமைகளில் காலியாகக் கிடந்த அந்த இடம் முழுக்க ஈரத்தோல் வரிசை வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் டவருக்கும் அவர் ஆன்டெனாவுக்கும் நடுவில், நேராக. ஈரம் அலையைக் குடித்துவிடும். ஞாயிறு டேனரிக்கு வேலைநாள் என்று ஆம்பூரில் பிறந்த எனக்கு யாராவது சொல்லித் தர வேண்டுமா? தலையில் அடித்துக்கொண்டேன். அவர் சிரித்தார், நானும் சிரித்துவிட்டேன்.

தண்ணீர்த் தொட்டியின் மேல் நீளமான குழாய் நட்டு, தோல்களுக்கு மேலே ஆன்டெனாவைத் தூக்கினோம். பதின்மூன்றுகூடத் தேவைப்படவில்லை, ஒன்பதே போதுமாக இருந்தது.

அதன்பிறகு ஞாயிறு தவறாமல் அம்மா திரையில் வந்தார். ஆனால் ஆசிரியர் எடுத்திருந்தது வேகம் குறைந்த பிளான். மனைவி தலையை ஆட்டினால்கூடப் படம் கலங்கும். “அசையாம உக்காரு, மெதுவா பேசு” என்று அவர் சொல்லிக்கொடுத்தாராம். பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி, கையை மடியில் வைத்தபடி அரை மணி நேரம் இருப்பாராம் அந்தப் பெண். குழந்தை திரையருகே போய், அம்மாவின் தாடை மச்சத்தில் விரல் வைத்து “ம்மா” என்னும். இதைச் சொல்லவென்றே ஆசிரியர் எனக்குப் போன் செய்வார்.

டிசம்பரில் மனைவி வந்த அன்று மாலை என்னை வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். போனால் வீடே கலங்கியிருந்தது. காலையிலிருந்து குழந்தை அம்மாவிடம் போகவில்லை. அம்மா பொம்மையை ஆட்டினார், கை தட்டினார், தூக்க ஓடினார். அது வீறிட்டு அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டது. என்னால் பார்க்க முடியவில்லை. மூன்று ஞாயிற்றை வீணாக்கியவள் நான்தானே.

அந்தப் பெண் சட்டென்று நின்றார். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த நாற்காலியை எங்கள் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். கையை மடியில் வைத்தார். அசையாமல், மெதுவாக, “பாப்பா, அம்மா பேசறேன்” என்றார்.

அழுகை நின்றது. குழந்தை அப்பாவின் காலை விட்டது. நாலு எட்டு நடந்து போய், நுனிக்காலில் எக்கி, தாடை மச்சத்தில் விரலை வைத்தது.

அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து அந்தச் சின்ன விரல் வரைக்கும் வந்தது. துடைக்க அவர் மடியிலிருந்து கையை எடுக்கவே இல்லை.