கிணற்றுக் காற்றைப் பிடிக்கப் போன கரி

1984 ஏப்ரலில் சங்கரன்கோவில் போனேன். கோயிலுக்கு இல்லை, ஒரு கிணற்றுக்கு! அப்போது மதுரையில் ஆராய்ச்சி மாணவன். தேங்காய்ச் சிரட்டையைக் கரியாக்கி, நீராவியில் மறுபடி சுட்டு, கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளை உண்டாக்கி, அதில் கரியமில வாயுவைப் பிடிப்பதுதான் என் வேலை. கண்ணாடிக் குழாயில் பிரமாதமாகப் பிடித்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த நேரம் பார்த்து, கூடப் படித்த கணபதியிடமிருந்து கடிதம். திருவேங்கடம் பக்கம் அவன் தோட்டத்துக் கிணற்றில் பம்ப்செட் குழாயின் அடி வால்வு அடைத்துக்கொண்டது. சரிசெய்ய ஆள் இறங்க முடியவில்லை. உள்ளே கெட்ட காற்று. முப்பதடியில் விளக்கு அணைகிறது. மிளகாய்ச் செடி வாடுகிறது. கெட்ட காற்று என்றால் கரியமில வாயுதானே! பத்துக் கிலோ கரியை இரண்டு கூடையில் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

காலை ஆறு மணிக்கு மதுரையில் பஸ். ராஜபாளையம் வழியாக 120 கிலோமீட்டர், டிக்கெட் பத்து ரூபாய், கூடைகளுக்கு லக்கேஜ் இரண்டு ரூபாய். "என்ன சார், இஸ்திரிக் கடை போடப் போறீகளா?" என்றார் கண்டக்டர். பத்தரைக்குச் சங்கரன்கோவில். அங்கே சாப்பிட்டுவிட்டு டவுன் பஸ்ஸில் திருவேங்கடம் இருபது கிலோமீட்டர், பிறகு கரிசல் காட்டில் மூன்று கிலோமீட்டர் நடை. வெயில் மண்டையைப் பிளந்தது.

கிணறு ஆறடி அகலம், ஐம்பதடி ஆழம். இறங்குகிறவர் செல்லையா, மேலே கயிறு பிடிக்கிறவர் அவர் மனைவி மாரியம்மாள். இருவருக்கும் என் வயதுதான் இருக்கும். கூடைகளை உள்ளே தொங்கவிட்டு ஒரு மணி நேரம் காத்திருந்தேன். பிறகு அரிக்கேன் விளக்கை இறக்கினோம். முப்பதடியைத் தாண்டியது. நாற்பத்தைந்தடியில், தண்ணீருக்குச் சற்று மேலே, ஜம்மென்று எரிந்தது!

"இறங்கலாம்!" என்று கத்தினேன்.

"ஏலே, சாதிச்சுட்டியே!" என்று கணபதி முதுகில் ஓங்கி அறைந்தான். செல்லையா இடுப்பில் கயிறு கட்டிவிட்டார். மாரியம்மாள் அவரை இறங்கவிடாமல் கயிற்றை மிதித்துக்கொண்டு நின்றாள்.

"விளக்கு போய்ச் சேந்தா போதுமா சார்? இவரு வேலய முடிச்சு ஏற அரை மணி ஆவும். அதுவர அங்கனயே எரியட்டும்."

"விடுட்டி, சார் படிச்சவுக," என்றார் செல்லையா.

"நீரு சும்மா இரும்."

எனக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் நம் கரிமேல் நமக்கு நம்பிக்கை. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். பதினெட்டாவது நிமிடம் சுடர் சிறுத்தது. பத்தொன்பதில் அணைந்தது.

என் பேச்சைக் கேட்டு இறங்கியிருந்தால் செல்லையா அந்நேரம் அடியில் ஸ்பானரோடு தண்ணீரில் நின்றிருப்பார். கரி வாயுவைப் பிடித்தது உண்மை. ஆனால் துளைகள் நிறைந்த பிறகு அது வெறும் கரிதானே? மண்ணிலிருந்து வாயு ஊறிக்கொண்டே இருந்தது. இப்போது யோசித்தால், கூடைகள் இறங்கிய அசைவில் காற்று கலங்கியதுகூட விளக்கு எரியக் காரணமாக இருந்திருக்கலாம்.

பிறகு அவர்கள் வழக்கப்படி வேப்பங்குழையைக் கொத்தாகக் கயிற்றில் கட்டி இரண்டு மணி நேரம் மேலும் கீழும் ஆட்டினார்கள். வாளி வாளியாகத் தண்ணீரை ஊற்றினார்கள். விளக்கு அரை மணி முழுக்க நின்று எரிந்தது. அதன்பிறகுதான் மாரியம்மாள் கயிற்றிலிருந்து காலை எடுத்தாள். செல்லையா இறங்கி, வால்வைச் சரிசெய்து, முழுசாக ஏறி வந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஒங்க கரி நெறஞ்சுபோச்சுன்னு எப்படிச் சார் தெரியும்?" என்று, நான் துளைகளைப் பற்றி விளக்கியதும், மாரியம்மாள் கேட்டாள். எவ்வளவு பிடிக்கும் என்று என் நோட்டில் பக்கம் பக்கமாக இருந்தது. எத்தனை நேரம் தாங்கும் என்று ஒரு வரி இல்லை. திரும்பியதும் அந்தக் கணக்கைத்தான் முதலில் எடுத்தேன். என் ஆராய்ச்சி உருப்பட்டதே அதனால்தான்.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: மதுரையிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடியுங்கள், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், கரிசலில் மழை பெய்தால் நடக்கவே வேண்டாம். எங்காவது கிணற்று வேலை நடந்தால் தாராளமாக நின்று பாருங்கள். ஆனால் "இறங்கலாம்" என்று மட்டும் வாயைத் திறக்காதீர்கள். அதைச் சொல்ல வேண்டியவர் கயிற்றைப் பிடித்திருப்பவர்.