மேஸ்திரி என்று கூப்பிட்ட நாள் முதல்

கோயமுத்தூர்ப் பக்கம் மேஸ்திரி என்ற சொல்லுக்குப் பஞ்சமே இல்லை. கொத்துக் கரண்டி பிடித்தவரெல்லாம் மேஸ்திரி. டேப்பைப் பாக்கெட்டில் சொருகிக்கொண்டு மொபெட்டில் வந்து இறங்கினால் அவரும் மேஸ்திரி. மணல் அள்ளுகிறவரைக்கூட, "மேஸ்திரிங்க, டீ குடிச்சுப்போட்டு வேலையப் பாருங்க" என்பார்கள். மரியாதை கொடுத்தால் யாருக்கும் வாய் தேய்ந்துவிடாது.

சென்ட்ரிங் வேலை செய்கிற எங்களுக்குள் அப்படி இல்லை. தளத்துக்குக் கீழே பலகை அடித்து, சவுக்குக் கம்புகளை முட்டுக் கொடுத்து நிறுத்துவோம். காங்கிரீட் இறுகியதும் அதையெல்லாம் பிரிக்க வேண்டும். முதல் கம்பைத் தட்டி எடுக்கிறவர்தான் எங்களுக்கு மேஸ்திரி. அவர் தட்டும்போது மற்ற எல்லோரும் வெளியே நிற்க வேண்டும். தளம் விழுந்தால் ஒரு தலையோடு போகட்டும் என்பதுதான் ஏற்பாடு. அதை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

பழைய மேஸ்திரி கால்வலி என்று வேலையை விட்டதும், ஆட்கள் என் வீட்டுக்காரரை மேஸ்திரி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவருக்கு முகமெல்லாம் பல். அதே ஆட்களோடு காங்கிரீட் சட்டி தூக்கிக்கொண்டிருந்த எனக்குச் சோறு இறங்கவில்லை.

முதலில் வந்தது அன்னூர் போகும் வழியில் ஒரு வீடு. கார் திரும்பத் தூண் இடைஞ்சலாம். சுவரிலிருந்து அப்படியே நீட்டிக்கொண்டு நிற்கிற போர்டிகோ வேண்டும் என்றார் ஓனர். அந்த மாதிரித் தளத்துக்குக் கம்பி மேல்பக்கமாக இருக்க வேண்டும். மிதிபட்டு அடியில் போய்விட்டால் தளம் நிற்காது. காங்கிரீட் போட்ட அன்று பாதியில் மழை பிடித்துக்கொண்டது. நடப்பதற்குப் போட்டிருந்த பலகைகளை எடுத்துச் சிமெண்ட் மூட்டைகளுக்கு அடியில் கொடுத்துவிட்டு, ஆட்கள் சட்டியோடு கம்பி மேலேயே ஓடினார்கள். அவரோ தார்ப்பாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

வீடு திரும்பும்போது கேட்டேன். "ஏனுங்க, கம்பியத் தூக்கிவுட்டீங்களா?"

"பாத்தேன் அம்மணி," என்றார், ரோட்டைப் பார்த்தபடி.

அதன் பிறகு தளத்தில் தண்ணீர் கட்டி வைத்த நாளெல்லாம் எனக்கு நிம்மதி இல்லை. கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்துவிட்டு ஓனர் அவசரப்படுத்தினார். இவர் அசையவில்லை, முழுக்க இறுகிய பிறகே பிரிப்போம் என்றார். அந்தப் பொறுமைதான் என்னை இன்னும் பயமுறுத்தியது. சந்தேகம் இல்லாத மனிதர் எதற்கு இவ்வளவு காத்திருக்கிறார்?

பிரிக்கிற காலையில் ஆட்களெல்லாம் ரோட்டோரம் போய் நின்றார்கள். அவர் சுத்தியலை எடுத்தபோது கையைப் பிடித்துவிட்டேன். "வேண்டாமுங்க. வேற யாரையாச்சும் தட்டச் சொல்லுங்க."

"அப்பறம் என்னைய எதுக்கு மேஸ்திரிங்கறாங்க?" என்று கையை விடுவித்துக்கொண்டு உள்ளே போனார்.

நுனிப்பக்கத்துக் கம்பைத் தட்டினார். அது சாய்ந்தது. ஒன்றும் ஆகவில்லை. அடுத்ததையும் தட்டினார். மேலே சுவரை ஒட்டி வெடுக்கென்று ஒரு சத்தம். நுனி என் கண்ணெதிரே இறங்கியது. ஓடி வந்துவிடுவார் என்று நினைத்தேன். அந்த மனிதர் விழுந்த கம்பையே நிமிர்த்தித் தளத்துக்கு அண்டக் கொடுத்து, தோளால் தாங்கிக்கொண்டு, "ஆப்பு! ஆப்பு எடுங்கடா!" என்று கத்தினார்.

ஒருவரும் நகரவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மேஸ்திரி உள்ளே இருக்கும்போது போகக் கூடாது என்றுதானே பழகியிருக்கிறார்கள். எனக்கு அந்தப் பழக்கமெல்லாம் மறந்துபோய்விட்டது. ஆப்பை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"வெளிய போ அம்மணி!"

போகவில்லை. கம்பின் அடியில் ஆப்பைச் செருகி, கிடந்த கல்லால் அடித்தேன். தலைக்கு மேல் ஏதோ நெரிகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்த மாதிரிப் பயத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் அறிந்ததில்லை. அப்புறம்தான் ஆட்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்து மற்றக் கம்புகளை நிறுத்தினார்கள்.

வெளியே வந்ததும் அவர் நேராக ஓனரிடம் போனார். "கம்பிய நான் பாக்கலீங்க. தப்பு என்னோடதுங்க. இடிச்சுப்போட்டு மறுபடியும் போட்டுத் தாரேனுங்க."

ஓனர் வாய்க்கு வந்தபடி பேசினார். அன்று அந்த வாசலில் யாரும் இவரை மேஸ்திரி என்று கூப்பிடவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. இனிமேல் வேறு யாராவது முதல் கம்பைத் தட்டட்டும். இவர் பலகை தூக்கிப் பிழைத்துக்கொள்ளட்டும்.

மறுநாள் காலை எங்கள் வீட்டு வாசலில் வண்டிகள் வந்து நின்றன. எல்லா ஆட்களும் வந்திருந்தார்கள்.

"மேஸ்திரி, இடிக்கப் போலாமுங்களா?"

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். நான் சோற்றுப் போசியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.