லேபிள் பெயர்

போதும்பொண்ணு என்ற பெயரைக் கேட்டுச் சிரிக்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. நாலாவதும் பெண்ணாகப் பிறந்தால், 'சாமி, பொட்டப்பிள்ளை போதும்' என்று கோவிலில் போய்ச் சொல்லாமல் அந்தப் பிள்ளையின் தலையிலேயே அதைக் கட்டிவிடுகிற வழக்கம் எங்கள் கரிசல்காட்டில் உண்டு. பெற்றவர்கள் ஒரு நாள் அலுத்துக்கொண்டதைப் பிள்ளை காடு போய்ச் சேர்கிறவரை சுமக்க வேண்டும்.

அவளுடைய அப்பா மாடக்கண்ணு அப்படித்தான் பெயர் வைத்தார். அடுத்த பிரசவத்தில் ஆண் பிறந்தது. "பேர் வேலை செஞ்சுட்டு பாத்தீரா" என்று ஊரே வந்து சொல்லிவிட்டுப் போனது. தம்பிக்கு மொட்டை எடுக்கக் கழுகுமலைக்கு மூன்று வண்டி கட்டினார்கள். அவளுக்கு எப்போது மொட்டை எடுத்தார்கள் என்று கேட்டால் அவளைப் பெற்றவளுக்கே ஞாபகமில்லை.

கோவில்பட்டியில் அவள் எங்கள் பக்கத்து வீடு. அவளும் என் அம்மா சுப்புத்தாயும் பூவனலிங்கம் முதலாளியின் தீப்பெட்டி ஆபீஸில் லேபிள் ஒட்டினார்கள். தீக்குச்சி மருந்து நெடியில் காலையிலிருந்து பொழுது அடைகிறவரை சம்மணம் போட்டு உட்கார்ந்து முதுகு ஒடிகிற இடத்துக்கு ஆபீஸ் என்று பெயர். பேர் வைப்பதில் எங்கள் ஊர்க்காரர்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

அந்த முதலாளிக்கு எழுபதாம் வருஷ வாக்கில் ஒரு பெண் பிறந்தது. மதராஸில் படித்துக்கொண்டிருந்த மச்சினன் சொன்னான் என்று அதற்குச் சுகந்தி என்று பெயர் வைத்தார். கையோடு அதே பெயரில் ஒரு புது லேபிளும் போட்டார். இரட்டைச் சடை, கையில் ரோஜாப்பூ, கன்னம் இரண்டும் தக்காளி மாதிரி ஒரு குழந்தைப் படம். அந்தத் தீப்பெட்டி லாரி லாரியாக வடக்கே போனது. பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு மாடி எடுத்தார் முதலாளி.

அதுவரை எங்கள் தெருவில் உச்சிமாகாளி, இசக்கி, ஆவுடைத்தாய், மறுபடி உச்சிமாகாளி என்று தாத்தா பாட்டி பெயரும் குலசாமி பெயருமே சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தன. நாள் முழுக்க அந்த லேபிளைத் தடவித் தடவி ஒட்டிய பெண்களுக்கு அந்தப் பெயரின் மேல் மோகம் பிடித்துவிட்டது. படிக்கத் தெரியாதவளுக்கும் படத்தைப் பார்த்தால் பெயர் வாயில் வந்தது. நாலைந்து வருஷத்தில் வீட்டுக்கு வீடு சுகந்தி. தெருவில் நின்று ஒரு தடவை கூப்பிட்டால் மூக்கொழுகிகள் ஒரு கூட்டமாக ஓடி வருவோம். ஆமாம், நானும் அதில் ஒருத்தி.

மற்றவர்களெல்லாம் முதலாளி வீட்டு அதிர்ஷ்டத்தில் நமக்கும் ஒரு பொட்டு ஒட்டாதா என்றுதான் வைத்தார்கள். போதும்பொண்ணு தன் மகளுக்கு அந்தப் பெயரை வைத்தது அதற்கில்லை. என் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள்: "எங்கய்யா கோவத்துல எனக்குப் பேர் வச்சாரு அக்கா. எம்பிள்ளைக்கு நான் ஆசப்பட்டு வைக்கணும். அம்புட்டுத்தான்."

இதைக் கேட்டு அவளை ஏதோ பூப்போன்றவள் என்று நினைத்துவிட வேண்டாம். தெருக் குழாயில் அவள் வாயைத் திறந்தால் ஆண்பிள்ளைகள் ஒதுங்கிப் போவார்கள். புருஷன் வேல்சாமியை மூதேவி என்றுதான் கூப்பிடுவாள். மகளைக் கூப்பிடும்போது மட்டும் அந்த வாய் வேறு வாயாக இருக்கும். அதைக் கேட்டு நான் பொறாமைப்பட்டிருக்கிறேன். அதே பெயரைத்தான் என் அம்மாவும் கூப்பிட்டாள். ஆனால் அப்படிக் கூப்பிட்டதில்லை.

எங்களுக்கு ஐந்தாறு வயசாகிற சமயம், ஒரு ஐப்பசி மழையில் சுகந்தித் தீப்பெட்டி மொத்தமும் நமத்துப்போனது. எத்தனை உரசினாலும் பற்றவில்லை. போன லாரியெல்லாம் சரக்கோடு திரும்பி வந்தது. குச்சியை முக்குகிற மெழுகில் முதலாளி கஞ்சத்தனம் பண்ணியது ஆபீஸில் கூட்டுகிறவள் வரைக்கும் தெரியும். சொல்லத்தான் ஒருவருக்கும் வாய் இல்லை. அவர் சங்கரன்கோவில் பக்கம் ஒரு ஜோசியரிடம் போனார். ஜோசியர் சோழியை உருட்டிவிட்டு, "உம்ம மக பேர்ல ராசி இருக்கு. ஆனா அந்த ராசிய ஊர்ல உள்ளவளுவ எல்லாம் பங்கு போட்டுத் திங்காளுவ" என்று சொல்லிவிட்டார். மெழுகைக் கூட்டுவதைவிட இது செலவு குறைந்த வழி. முதலாளி நம்பினார்.

மறுநாள் வேலை தொடங்குமுன் பெண்களையெல்லாம் ஆபீஸ் முற்றத்தில் கூட்டினார். "எம்மக பேர வச்சிருக்கவளுவ எல்லாம் வெள்ளிக்கிழமைக்குள்ள பிள்ள பேர மாத்தணும். மாத்தாதவளுக்கு இங்கன வேலை கிடையாது" என்றார்.

வெள்ளிக்கிழமை எங்களைக் குளிப்பாட்டிக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஜோசியர் திருநீற்றுத் தட்டோடு நின்றார். ஒவ்வொருத்தியும் முதலாளிக்கு முன்னால் பிள்ளையை நிறுத்தி, புதுப்பெயரை மூன்று தடவை உரக்கச் சொல்ல வேண்டும். முதல் ஆளாகப் போனவள் என் அம்மா. "ஆவுடைத்தாய், ஆவுடைத்தாய், ஆவுடைத்தாய்" என்றாள். ஆவுடைத்தாய் என்ற பெயரில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் அடித்துப் பிடித்துக்கொண்டு முதலில் ஓடினாளே, அதை நான் மன்னிக்கவில்லை. எனக்குப் பின்னால் ஒரு உச்சிமாகாளி, இரண்டு இசக்கி, ஒரு பார்வதி என்று வரிசையாகத் திருநீறு பூசிக்கொண்டு வந்தோம்.

போதும்பொண்ணு மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"ஏட்டி, உம்மக பேர் என்ன?" என்றார் முதலாளி.

"சுகந்தி."

"அது பழைய பேர். இனிமே என்ன பேர்?"

"இனிமேயும் சுகந்திதான்."

"வேலை வேண்டாமாட்டி உனக்கு?"

"வேலைக்கு என்னியத்தான வச்சிருக்கீக. எம்பிள்ள பேரையுமா வச்சிருக்கீக?"

முதலாளிக்கு முகம் கறுத்துவிட்டது. அன்றைக்கே அவளை வெளியே அனுப்பினார். அதோடு விடவில்லை. போதும்பொண்ணு என்று ஒருத்தி வந்தால் சேர்க்காதீர்கள், வாயாடி, மற்ற பெண்களையும் கெடுத்துவிடுவாள் என்று கோவில்பட்டியில் இருந்த ஆபீஸுக்கெல்லாம் ஆள் விட்டுச் சொன்னார். அவள் நாலு இடம் ஏறி இறங்கினாள். எங்கேயும் அவள் பெயரைச் சொன்னதுமே ஆள் தேவையில்லை என்றார்கள்.

முதலாளி பண்ணியதாவது முதலாளி பண்ணியது. எங்கள் தெருப் பெண்கள் பண்ணியதுதான் எனக்கு ஆறவில்லை. குனிந்து கொடுத்தவர்களுக்கு நிமிர்ந்து நிற்கிறவளைக் கண்டால் ஆகாது. "இவ மட்டும் என்ன பெரிய மகாராணியா?" என்று குழாயில் அவள் குடத்தை நகர்த்திவைத்தார்கள். அந்தப் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்று எங்களுக்கு உத்தரவு. முதலாளி காதுக்குப் போனால் வேலை போய்விடுமாம். என்னவென்று கூப்பிடுவது? யாரோ ஒருத்தி 'நமத்த குச்சி' என்று ஆரம்பித்தாள். பள்ளிக்கூடம் முழுக்க அதுவே பெயராகிவிட்டது.

போதும்பொண்ணு பருத்தி எடுக்கப் போனாள், மிளகாய் பழம் பொறுக்கப் போனாள். அந்த வருஷம் அதற்கப்புறம் மழை இல்லை. காட்டிலும் வேலை இல்லாமல் போனது. "ஒரு பேருக்காவ சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டியே" என்று வேல்சாமி நாள் தவறாமல் சொல்லிக் காட்டினான்.

ஒரு நாள் சாயந்திரம் பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் சிலேட்டை வீட்டு வாசலில் போட்டு உடைத்தாள். நான் எங்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எனக்கு இந்தப் பேர் வேண்டாம். எல்லாரும் மாத்தியாச்சு. எனக்கும் மாத்து."

"மாத்த முடியாதுட்டி. ஆசப்பட்டு வச்ச பேரு அது."

"உனக்குத்தான ஆச? அம்புட்டு ஆசன்னா நீயே வச்சுக்க!"

போதும்பொண்ணு கையை ஓங்கினாள். அடி விழப்போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. அவள் சிலேட்டுத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே, "சரி, உனக்கு என்ன பேர் வேணும், சொல்லு" என்று கேட்டாள். பிள்ளை ராமலட்சுமி என்றது. வகுப்பில் யாரும் சீண்டப் பயப்படுகிற ஒரு தடிச்சிக்கு அந்தப் பெயர். அன்றைக்கே மகள் ராமலட்சுமி ஆகிவிட்டாள். திருநீறும் கிடையாது, ஜோசியரும் கிடையாது.

செய்தி தெரிந்ததும் குழாயடியில் என்ன சிரிப்பு! "கடைசியில வழிக்கு வந்தாளா இல்லையா" என்றாள் என் அம்மா.

போதும்பொண்ணு குடத்தை நிரப்பித் தூக்கிக்கொண்டு நடந்தாள். அடுத்த வாரம் பஸ் ஏறிக் கழுகுமலைக்குப் போனாள். அங்கே சௌந்தரபாண்டியன் என்பவர் புதிதாக ஒரு தீப்பெட்டி ஆபீஸ் ஆரம்பித்திருந்தார். பெயர் என்ன என்று கணக்குப்பிள்ளை கேட்டார்.

"சுகந்தி" என்றாள் போதும்பொண்ணு.

முன்மண்டை நரைத்து, வெயிலில் கருகி நிற்கிறவளை அந்த ஆள் ஏற இறங்கப் பார்த்தாராம். "சின்னப்பிள்ள பேரால்லா இருக்கு?" என்றாராம். "பிள்ளையா இருக்கையில யாரும் வைக்கல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டாள்.

இங்கே பூவனலிங்கம் முதலாளிக்கு ஊரில் இருந்த சுகந்திகளையெல்லாம் ஒழித்த பிறகும் குச்சி பற்றவில்லை. ஜோசியர் இரண்டாம் தடவை சோழியை உருட்டினார். இந்தத் தடவை குற்றம் அந்தப் பெயரிலேயே இருந்ததாம். முதலாளி அம்மன் கோவிலுக்குப் போய்த் தன் மகளின் பெயரைச் செண்பகவல்லி என்று மாற்றிக்கொண்டு வந்தார். லேபிளையும் மாற்றினார். எங்களிடம் பிடுங்கினாரே, அதை அவராவது வைத்துக்கொண்டாரா? அன்றைக்கு மண்ணை வாரித் தூற்றாத பெண் எங்கள் தெருவில் இல்லை. ஆனால் அதே மாசம் பிறந்த மூன்று பிள்ளைகளுக்குச் செண்பகவல்லி என்று பெயர் வைத்தார்கள். இவர்களை என்ன சொல்லித் திட்டுவது?

எண்பதாம் வருஷம் அவர் ஆபீஸைப் பூட்டினார். என் அம்மாவும் கழுகுமலை வேலைக்குப் போக ஆரம்பித்தாள். அவள் வந்து சொன்னதுதான் இது. ஒரு நாள் பூவனலிங்கம், பூட்டிய ஆபீஸில் கிடந்த குச்சி அடுக்குகிற கட்டைகளை விற்க விலை பேசச் சௌந்தரபாண்டியனைப் பார்க்கப் போயிருக்கிறார். பெண்கள் நடுவில் கணக்குப்பிள்ளை "சுகந்தி" என்று குரல் கொடுத்ததும் திரும்பிப் பார்த்தவர், எழுந்து நின்றவளை அடையாளம் கண்டுகொண்டார்.

"அண்ணாச்சி, இவ ஏமாத்துக்காரி. இவ பேர் போதும்பொண்ணு!"

"அவள நீங்கதான வெளிய அனுப்பினீக" என்றாள் அவள்.

"அது எம்மக பேருட்டி!"

அவள் பசைக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "உங்க மக பேர் என்ன முதலாளி?" என்று கேட்டாள்.

அவர் கணக்குப்பிள்ளை பக்கம் திரும்பிக்கொண்டார். வேலை அப்படியே நின்று, அத்தனை பெண்களும் நிமிர்ந்து அவரைப் பார்த்தார்கள். ஒன்றும் அறியாத சௌந்தரபாண்டியன், "ஏன் அண்ணாச்சி, கேட்டா சொல்ல வேண்டியதுதான? பிள்ளைக்கு என்ன பேரு?" என்றார்.

"செண்பகவல்லி" என்றாராம் பூவனலிங்கம்.

"காதுல விழல" என்றாள் அவள்.

அவர் இன்னொரு தடவை சொல்லிவிட்டு, கட்டையை விலை பேசாமலே பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டார்.

இதைச் சொல்லிவிட்டு என் அம்மா சிரியோ சிரி என்று சிரித்தாள். தானே எதிர்த்து நின்று அந்தக் கேள்வியைக் கேட்டமாதிரி அவளுக்கு ஒரு பெருமை. சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாலைந்து வருஷத்துக்கப்புறம் என்னை, "ஏட்டி சுகந்தி, இங்க வா" என்று ஆசையாகக் கூப்பிட்டாள்.

நான் இருந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை.

"அது பக்கத்து வீட்டு அத்தை பேரும்மா" என்றேன்.